உயரம் பார்க்காமல் வாங்கிய அச்சு

"போடுவேனே சார், அதெல்லாம் நிறையப் போட்டிருக்கேன்" என்று தொலைபேசியில் சொல்லி வைத்த பிறகுதான் பெரியவளுக்கு வியர்த்தது. நடுவில் ஓட்டை விட்ட வளையக் கேக்கை அவள் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. சுடுவதற்கு வேண்டிய அச்சும் வீட்டில் கிடையாது.

கேட்டவர் நீதிமன்றத்துக்கு எதிரில் காபிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடி மூடிக்குள் ஒரு கேக்கை வைத்து, வருகிறவர்களுக்குத் துண்டு போட்டு விற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டு பேரிடம் வாங்கிப் பார்த்துவிட்டார். இரண்டுமே ஓரத்தில் வெந்து நடுவில் கொழகொழவென்று இருந்தனவாம். நடுவே இல்லாத கேக்காக இருந்தால் அந்த வம்பே இல்லை பாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிடித்துப்போனால் வாரத்துக்கு மூன்று, நிரந்தரமாக. இதை அவர் சொன்னது செவ்வாய்க்கிழமை மதியம்.

பெரியவள் பதினொரு வருஷம் ஒரு சரக்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். அலுவலகத்தை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாகக் கேக் சுட்டுக்கொண்டிருந்தாள். பிறந்தநாளுக்கு ஒன்று, பள்ளிக்கூட விழாவுக்கு ஒன்று என்று வரும். ஒரு வாரம் நாலு வரும், அடுத்த மூன்று வாரம் ஒன்றும் வராது. நிரந்தரம் என்ற சொல் அவள் காதில் விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது. கல்யாணம் ஒன்று நடந்து நாலே வருஷத்தில் முடிந்துபோன கதையை இங்கே இழுக்க வேண்டியதில்லை. இப்போது நாலாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். சின்னவள் மருத்துவமனையில் நர்ஸ். சமையலறை மேசையில் இருந்த சின்ன ஓவனை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். வாடகையில் பாதிக்கு மேல் கொடுப்பதும் அவள்தான்.

அன்று மாலை, சின்னவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும், அச்சு வாங்குவதற்கு முன்னால் ஓவனை அளந்து வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவள் இஞ்சு டேப்பைத் தேடினாள். அது சின்னவளின் மேசை இழுப்பறையில் இருக்கும். இழுத்தாள். டேப் இருந்தது. டேப்புக்கு அடியில் நீளமான வெள்ளை உறை ஒன்றும் இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் உறை திறந்திருந்தது, கடிதத்தின் தலைப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை. குழந்தைகள் பிரிவில் தலைமை நர்ஸ். தங்க இடமும் கொடுக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கடிதம் வந்து மூன்று வாரமாகியிருந்தது.

பெரியவள் உறையை இருந்தபடியே வைத்து இழுப்பறையை மூடினாள். கூடத்துக்கு வந்தாள். சமையலறைக்குப் போனாள். காய்ந்த துணிகளை மடித்தாள், மடித்ததையே உதறி இன்னொரு தரம் மடித்தாள். டேப்பை எடுக்கவில்லை என்பது அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

மறுநாள் காலை சின்னவள் வேலை முடிந்து வந்தபோது, பெரியவள் பையை மாட்டிக்கொண்டு செருப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். காபிக் கடை ஆர்டரைப் பற்றிக் கேட்ட சின்னவள், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு தானும் வருவதாகச் சொன்னாள். தூங்கு என்றாள் பெரியவள். தூக்கம் வரவில்லை என்றாள் சின்னவள். கண் இரண்டும் சொருகிக்கொண்டிருந்தது. இவள் எதற்கு வருகிறாள் என்று பெரியவளுக்குப் புரிந்தது. வழியில் சொல்லப்போகிறாள். சொல்ல விடக்கூடாது.

அதனால் பேருந்து நிறுத்தம் வரை பெரியவளே பேசினாள். வெண்ணெய் விலை, மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவது, வளையக் கேக்குக்கு எத்தனை முட்டை போகும் என்று வாய் ஓயாமல் பேசினாள். நிறுத்தத்தில் சின்னவள், "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். கடையை மூடிருவான்."

அப்போது மணி பத்துகூட ஆகவில்லை.

முதலில் போனது கடைத்தெருவிலேயே பெரிய பாத்திரக் கடைக்கு. அங்கே வார்ப்பு அலுமினியத்தில் கனமான அச்சு ஒன்று இருந்தது. பக்கவாட்டில் ஆழமான வரிகள், நடுவில் கூம்பாக ஒரு குழாய். கையில் எடுத்தால் எடையே ஒரு மரியாதையை உண்டாக்கியது. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய ஒரு மாத மாவு, வெண்ணெய், முட்டை மூன்றும் அந்த விலைக்குள் அடங்கும். விற்கிற பெண், ஆயுசுக்கும் உழைக்கும் மேடம் என்றாள்.

"இதை வாங்கினா ஆயுசுக்கும் நாமதான் உழைக்கணும்" என்றாள் சின்னவள், அக்காவின் காதோரமாக. பெரியவள் சிரித்துவிட்டாள். அச்சை இரண்டு கையாலும் மெதுவாகக் கீழே வைத்தாள்.

அடுத்தது பிளாஸ்டிக் சாமான் கடை. அங்கே இருந்தது சிலிக்கான் அச்சு. சிவப்பாக, தொட்டால் நெளிந்தது. விலை மலிவு. சின்னவள் அதை இரண்டு விரலால் தூக்கி ஆட்டிப் பார்த்து, இது கேக் அச்சா, குளியலறைச் செருப்பா என்று கேட்டாள். பெரியவள் முகர்ந்து பார்த்தாள். செருப்பு வாசனையேதான். அதோடு மாவை ஊற்றித் தூக்கினால் வயிறு தள்ளிக்கொள்ளும், வளையம் கோணிப்போகும். வேண்டாம்.

மூன்றாவது கடையில் தகரத்தில் ஒன்று கிடைத்தது. அடித்தட்டும் குழாயும் தனியாகக் கழன்று வருகிற மாதிரி. சுட்ட பிறகு அப்படியே மேலே தள்ளி எடுத்துவிடலாம், ஒட்டுமோ என்ற பயம் இல்லை. விலையும் கைக்கு அடங்கியது. ஆனால் சேருமிடத்தில் ஒழுகினால்? பெரியவள் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, யாரையும் கேட்காமல் அச்சுக்குள் ஊற்றினாள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அடித்தட்டைச் சுற்றிக் கசிந்து, மேசை வழியாக ஓடி, கடைக்காரரின் ரசீதுப் புத்தகத்தை நனைத்தது.

கடைக்காரர் புத்தகத்தைத் தூக்கி உதறினார். "அம்மா, இது கேக் அச்சு. தண்ணி பிடிக்கிற பாத்திரம் அந்தப் பக்கம் இருக்கு."

மாவும் முதலில் தண்ணீர் மாதிரிதானே இருக்கும் என்று பெரியவள் வாதாடினாள். சின்னவள் தன் கைக்குட்டையால் மேசையைத் துடைத்து, மன்னிப்புக் கேட்டு, அக்காவை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. சின்னவள் ஒரு கடை நிழலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, ரெண்டு நிமிஷம் நில்லேன். நான் சொல்லவந்தது..."

"அதோ அந்தக் கடையையும் பாத்துட்டு வந்துடலாம்" என்று பெரியவள் நடையைக் கட்டினாள்.

அந்தக் கடை பேக்கரிகளுக்கு மொத்தமாகச் சாமான் கொடுக்கிற இடம். மூட்டைகளுக்கு நடுவில் ஓர் அட்டைப் பெட்டியில் அடிபட்ட சாமான்களைப் பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள். அதற்குள் கையை விட்டு அவள் எடுத்தது தடித்த அலுமினிய அச்சு. வரி இல்லாத மொழுமொழுப் பக்கம், நடுவில் நீளமான குழாய், ஒரே வார்ப்பு. விளிம்பில் சின்ன நசுங்கல். அதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது. வரி இருந்தால்தான் மாவு போய் ஒட்டிக்கொள்ளும், மொழுமொழுப்பே மேல். முதலில் பார்த்ததில் கால்வாசி விலை.

"நம்ம ஓவனுக்குள்ள போகுமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"பத்து இஞ்சு. என் பெரிய கேக் தட்டும் பத்து இஞ்சுதான். தாராளமாப் போகும்."

ரசீது போடுகிறவர் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டி, தள்ளுபடிச் சாமானைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார். சரி என்றாள். கையிலிருந்ததை எண்ணாமலே நீட்டினாள். அந்த ஊரையே விலைக்கு வாங்கிய மாதிரி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து ஓவன் கதவைத் திறந்து அச்சை உள்ளே வைத்தாள். பக்கத்தில் இடிக்கவில்லை. கதவு மூடியது. ஆனால் நடுக்குழாய் மேலே போய், சூடேறுகிற கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது. அவளிடம் இருந்த தட்டுகள் எல்லாமே தாழ்வானவை. உயரத்தைப் பற்றி நினைக்கவேண்டிய அவசியம் ஒன்றரை வருஷத்தில் ஒருநாள்கூட வந்ததில்லை.

கம்பித் தட்டை உருவி வெளியே போட்டு, அச்சை ஓவனின் அடித்தட்டின் மேலேயே வைத்துப் பார்த்தாள். இப்போது குழாய்க்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது. போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எட்டு முட்டையை உடைத்தாள், வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்தாள், மாவைச் சலித்தாள். சின்னவள் தூங்கப் போகாமல் சமையலறை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரத்தில் அடிக்கம்பியின் சூடு நேராகத் தாக்கி, தீய்ந்த வாசனை கிளம்பியது. வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். கேக்கின் மேல்பக்கம் கரியாகி, உள்ளேயிருந்து பச்சை மாவு மேசையில் வழிந்தது.

"வாங்கறதுக்கு முன்னாடி ஓவனை அளந்தியா?" என்றாள் சின்னவள். கோபமாகக் கேட்கவில்லை. களைப்பாகத்தான் கேட்டாள்.

"இல்ல."

"டேப் என் டிராயர்லதானே இருக்கு. தெரியும்ல?"

"தெரியும். எடுக்கத்தான் போனேன். அதுக்கு அடியில வேற ஒண்ணு இருந்துச்சு."

சின்னவள் மேசைமேல் வழிந்திருந்த மாவைக் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் போட ஆரம்பித்தாள்.

"காலையிலேர்ந்து அதைத்தான் சொல்ல வந்தேன். நீ விட்டாத்தானே."

"மூணு வாரமா உன் வாயை நான் பொத்திட்டா இருந்தேன்?"

"என்னன்னு சொல்றது? போன மாசம் உனக்கு ரெண்டே ரெண்டு ஆர்டர். நான் போறேன்னு அன்னிக்கு உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப எனக்காகத்தான் பதில் போடாம வச்சிருக்கியா?"

சின்னவள் கரண்டியைக் கிண்ணத்துக்குள் போட்டாள். பெரியவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தன்னைச் சாக்காக வைத்து யாரும் வாழவேண்டாம் என்றாள். தான் ஒன்றும் சுமை இல்லை என்றாள். சின்னவளும் விடவில்லை, அடுத்தவள் இழுப்பறையைக் குடைந்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி ஊர் சுற்றியது யார் என்று கேட்டாள். சின்னவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவளால் உட்கார முடியவில்லை. சாதாரண வட்டத் தட்டின் நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் ஓட்டை வந்துவிடாதா என்று தோன்றியது. அதையும் செய்து பார்த்தாள். மாவு எழும்பும்போது டம்ளர் ஒரு பக்கமாகச் சரிந்தது. வெளியே வந்த கேக் யாரோ கண்ணடிக்கிற மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு எதிரே போய் நிற்க முடியாது.

வியாழக்கிழமை காலை, சின்னவள் வேலையிலிருந்து திரும்புவதற்கு முன்பே பெரியவள் டேப்பை எடுத்து ஓவனை அளந்தாள். அகலம், ஆழம், கம்பித் தட்டிலிருந்து மேல் கம்பி வரை உயரம். மூன்றையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். கரியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய அச்சைத் தூக்கிக்கொண்டு மொத்தக் கடைக்குப் போனாள்.

ரசீது போடுகிறவர் பலகையை மட்டும் மறுபடியும் காட்டினார். மாற்றிக்கொள்கிறேன், வேறு சாமான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பலகை மாறவில்லை. அவளுக்கு அங்கிருந்து போகவும் கால் வரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஆள், இரண்டு மூட்டை சர்க்கரைக்குச் சீட்டு வைத்திருந்தவர், அவள் கையிலிருந்ததை எட்டிப் பார்த்தார். ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரராம். இந்த மாதிரி ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், பெட்டியில் இனி இல்லை என்று நேற்றுச் சாயங்காலம் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். நீங்கள் ஏன் கொடுக்கிறீர்கள், ஒழுகுகிறதா என்று கேட்டார்.

பெரியவளுக்குப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. காபிக் கடைக்காரரிடம் சொன்ன பொய்யே இன்னும் செரிக்கவில்லை. விளிம்பின் நசுங்கலைக் காட்டினாள். நேற்று ஒன்று சுட்டதில் தீய்ந்துபோனது, அச்சின் குற்றமில்லை, என் ஓவன் குட்டை என்றாள்.

"என் அடுப்புக்குள்ள உங்க ஓவனையே வச்சிரலாம்மா" என்று சிரித்தார் சமையல்காரர். அவள் கொடுத்த விலையையே அவரும் கொடுத்தார்.

"கடைக்குள்ள கடை போடாதீங்க" என்று ரசீதுக்காரர் முணுமுணுத்தார்.

கையில் பணம் வந்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். அலமாரி அலமாரியாகப் போய் டேப்பை வைத்து அளந்தாள். கடைசியில், கீழ் அலமாரியில், மாவுத் தூசி படிந்து கிடந்த ஒன்றை எடுத்தாள். எட்டு இஞ்சு அகலம், மூன்று இஞ்சு உயரம், குழாயும் பக்கமும் ஒரே மட்டம். வரியில்லை, ஒட்டில்லை. பளபளப்பும் இல்லை, பார்க்கிறவர் யாரும் அதை அழகு என்று சொல்லமாட்டார்கள். உள்ளங்கையைப் பார்த்தாள். மேலே இரண்டு விரல் இடம் மிஞ்சும். கேக் எழும்ப அது போதும். எவ்வளவு பிடிக்கும் என்று ரசீதுக்காரரிடமே கேட்டாள்; ஆறு கோப்பை மாவு என்றார், இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையோடு. வாங்கியது போக மிஞ்சியதில் வெண்ணெய் தடவுகிற பிரஷ் ஒன்றும் வாங்கினாள்.

மதியம் சுட்டாள். சின்னவள் அறைக்குள்ளிருந்து வரவில்லை. பெரியவள் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் வெண்ணெய் தடவி, மேலே மாவைத் தூவித் தட்டினாள். உள்ளே வைத்த பிறகு நாற்பது நிமிஷமும் ஓவன் கண்ணாடிக்கு முன்னாலேயே குனிவதும் நிமிர்வதுமாக இருந்தாள். வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் ஆறவிட வேண்டும். ஆறு நிமிஷம்தான் அவளால் முடிந்தது. தட்டை மேலே வைத்துக் கவிழ்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அச்சின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். பொத்தென்று விழுந்தது. அச்சைத் தூக்கினால், சுற்றிலும் ஒரே பொன்னிறம். குழாய் இருந்த இடத்தில் மட்டும் ஒரு நகக்கண் அளவு தோல் பிய்ந்திருந்தது.

திரும்பினால் சின்னவள் வாசலில் நின்றாள், தலை கலைந்து, தலையணை வரி கன்னத்தில் பதிந்திருக்க. உள்ளே வந்து, பிய்ந்த துணுக்கை அச்சிலிருந்து சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்கு" என்றாள். திரும்பித் தூங்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெரியவள் காபிக் கடையில் இருந்தாள். கடைக்காரர் கேக்கை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சின்னதாக இருக்கிறதே, பதினாறு துண்டு போடலாம் என்று இருந்தேன், பன்னிரண்டுக்கு மேல் தேறாது போலிருக்கிறதே என்றார். ஒரு துண்டு வெட்டினார். உள்ளே விரலால் அழுத்திப் பார்த்தார். தின்றார். இன்னொரு துண்டு வெட்டித் தன் மனைவியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் தின்றுகொண்டே பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

பெரியவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. "சார், நிறையப் போட்டிருக்கேன்னு சொன்னேன்ல, அது பொய். இதுதான் முதல் தடவை. இதுக்கு மேல பெருசா என் ஓவன்ல போகாது."

கடைக்காரர் தலையில் ஏற்றியிருந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். மூன்று வேண்டாம், வாரத்துக்கு இரண்டு கொடுங்கள், இரண்டு மாதம் பார்ப்போம் என்றார். விலையிலும் கொஞ்சம் குறைத்தார். அவள் எதிர்பார்த்து வந்தது இதுவல்ல. ஆனாலும் சரியென்றாள். வெளியே வந்து நீதிமன்றத்தின் சுற்றுச்சுவர் ஓரமாக இரண்டு தரம் போய்த் திரும்பினாள். சந்தோஷமா ஏமாற்றமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

வீட்டில் சின்னவள் அப்போதுதான் வந்து, சாப்பாட்டு மேசையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பெரியவள் நடந்ததைச் சொன்னாள். இரண்டுதானா என்றாள் சின்னவள். இரண்டுதான் என்றாள் பெரியவள். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு நீ போறது பிடிக்கல" என்றாள். "அதைச் சொன்னா நீ நின்னுருவேன்னு பயந்துதான் சொல்லாம ஓடிட்டு இருந்தேன். இப்ப சொல்லிட்டேன். நீ வரேன்னு எழுதி அனுப்பிரு."

"பிடிக்கலைன்னும் சொல்றே, அனுப்புன்னும் சொல்றே. எதை எடுத்துக்கறது?"

"ரெண்டையும் எடுத்துக்கோ."

சின்னவள் வாடகைக்கு என்ன செய்வாய் என்று கேட்டாள். உன் அறையை யாருக்காவது விடுவேன் என்றாள் பெரியவள். யாருக்கு? தெரியாது. அந்த ஆள் வெண்ணெய் வாசனை பிடிக்காதவராக இருந்தால்? முகத்துக்கு நேராகச் சொல்கிறவராக இருந்தால் போதும் என்றாள் பெரியவள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியபின் சின்னவளின் கண் நிறைந்தது. அவள் எழுந்துபோய் அன்று மதியமே பதிலை அனுப்பினாள்.

ஆறாவது வாரம் சின்னவள் இரண்டு பெட்டிகளோடு கிளம்பிப் போனாள். அறைக்கு ஒரு பள்ளி ஆசிரியை வந்தாள். நல்லவள்தான், ஆனால் கதவைச் சத்தம் வராமல் மூடுவாள். அது பெரியவளுக்குப் பழகவில்லை. காபிக் கடைக்காரர் இரண்டு மாதம் முடிந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை, மூன்று என்றும் சொல்லவில்லை. வேறொரு கடையிலும் கேட்டுப் பார்க்கலாமா என்று பெரியவள் யோசித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையோடு தொலைபேசியில் பேசும்போது அவளால் ஓரிடத்தில் நிற்க முடியாது. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே பேசுவாள். அந்தப் பக்கம் சின்னவள், உட்கார்ந்து பேசேன்க்கா, மூச்சு வாங்குது பார் என்பாள்.